கோப்பை கழுவிய பிறகு சொல்லும் குறை

ரஞ்சினி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவள் என் மகள் அபி. மான்செஸ்டரில் படிக்கிறாள். காலையில் போன் எடுத்து, "அம்மா, ரஞ்சி அன்ரி போயிட்டா" என்று விம்மினாள். நான் முதலில் கேட்டது, "உனக்கு ஆர் சொன்னது?" என்றுதான். ரஞ்சினியின் கணவர் அபிக்குத்தான் முதலில் சொன்னாராம். லண்டன் மோர்டனில் அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பவள் நான். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே ஆசிரியர் அறையில் அவளோடு வேலை செய்தவள் நான். செய்தி மான்செஸ்டர் போய்த்தான் என்னிடம் வந்தது.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். எனக்கு அவள் மேல் பொறாமை. அதை மறைத்துக்கொண்டு நான் அஞ்சலி செலுத்தினால் அவளே எழும்பி வந்து சிரிப்பாள். நான் பிரெஞ்சு படிப்பிக்கிறேன். அவள் படிப்பித்தது ஜேர்மன், சிறுவயதில் அகதியாகப் போய் வளர்ந்த நாட்டின் மொழி. எங்களுக்குள் வயது வித்தியாசம் சில மாதம்தான். ஆனால் மாணவர்கள் முன்னாலும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள்!

மாணவர் பரிமாற்றம் வேண்டும் என்று பள்ளியில் முதலில் கேட்டவள் நான். பிரான்சிலிருந்து எனக்குப் பதிலே வரவில்லை. அவள் தான் படித்த ஜேர்மன் பள்ளிக்கு ஒரு போன் போட்டாள், காரியம் முடிந்தது. ஒரு கிழமை எங்கள் பிள்ளைகள் அங்கே, அடுத்த தவணை அவர்கள் இங்கே, ஒருவர் வீட்டில் ஒருவர். ஐரோப்பியக் குடிமக்கள் என்றால் யார், பிரிட்டன் விலகிய பிறகும் நாங்கள் அதற்குள் இருக்கிறோமா என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் பழகிப் பார்த்துப் பேச வேண்டும் என்பது நோக்கம்.

முதல் வருடமே எங்கள் தமிழ்ப் பெற்றோர் மறித்தார்கள். "தெரியாத ஆக்கள் வீட்டில பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி விடுறது?" ரஞ்சினி உடனே, "அப்ப தமிழ் வீடுகளிலயே விடுறன்" என்று, அங்கே இருந்த தன் சொந்தக்காரர் வீடுகளில் பிள்ளைகளைத் தங்கவைத்தாள். அவர்கள் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, கலியாண வீடியோ பார்த்து, ஜேர்மன் வீடொன்றின் வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பி வந்தார்கள். சரி, இந்த முறை மாட்டினாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பெற்றோர் கூட்டத்தில் அவள் எழும்பி, "என்ர பிழைதான். உங்கட பிள்ளையள் ஐரோப்பா பாக்கப் போய் மாமி வீடு பாத்துக்கொண்டு வந்திருக்கினம்" என்றாள். மண்டபமே சிரித்தது. அடுத்த வருடம் எந்த வீட்டுக்கும் விடச் சம்மதம் என்று அதே பெற்றோர் சொன்னார்கள். அந்தப் பிழையை நான் விட்டிருந்தால் கவுன்சில் வரைக்கும் முறைப்பாடு கொண்டுபோயிருப்பார்கள். அவளுக்குக் கைதட்டல்.

குடியுரிமை பற்றி நான் வரைபடங்களோடு ஓர் உரை தயாரித்தேன். ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. அவள் புறப்படும் பிள்ளைகளைப் பஸ் வாசலில் நிறுத்திச் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம்: "வந்த அண்டைக்குத்தான் நீங்கள் விருந்தாளி. அடுத்த நாள் வீட்டாள். வீட்டாள் எண்டா கோப்பை கழுவோணும். கழுவினாப் பிறகு வீட்டைப் பற்றிக் குறை சொல்லலாம்."

எங்கள் பள்ளியிலேயே படித்த அபியும் ஒரு வருடம் போனாள். திரும்பி வந்த மறுநாள், நான் எத்தனையோ வருடமாகக் கெஞ்சியும் செய்யாதவள், இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளை எல்லாம் கழுவிவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, என்னைக் கேக்காமலே எனக்கு எல்லாம் முடிவெடுக்கிறீங்கள்" என்றாள். அதன் பிறகு அவள் விஷயமெல்லாம் முதலில் ரஞ்சினியிடம்தான் போனது. மருத்துவம் வேண்டாம், அரசியல் படிக்கப் போகிறாள் என்பதுகூட எனக்குக் கடைசியில்தான் தெரியும்.

வயிறு எரிந்தது. ஆசிரியர் அறையில் வைத்து, "என்ர பிள்ளையை என்னட்ட விடு" என்று கத்தினேன். அவள் கோபிக்கவில்லை. "அக்கா, என்ர வீட்டுக்கு எத்தினை தரம் வந்திருக்கிறீங்கள்! ஒருநாளும் ஒரு கோப்பையைத் தொட்டதில்லை. கழுவிப்போட்டு வந்து ஏசுங்கோ" என்றாள். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன்.

செத்தவீட்டில், வந்தவர்கள் தேத்தண்ணி குடித்த கப்புகள் அவள் குசினியில் குவிந்து கிடந்தன. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு சிங்க்கடியில் நின்று கழுவினேன். அபி பக்கத்தில் வந்து துடைத்தாள். முன்பு பரிமாற்றத்தில் வந்து அந்த வீட்டில் தங்கிய ஜேர்மன் பெண்ணொருத்தி வந்திருந்தாள். எந்தக் கப் அலுமாரியில் எந்தத் தட்டில் என்று யாரையும் கேட்காமல் அடுக்கினாள். எனக்கு அந்த வீட்டில் தேக்கரண்டி இருக்கும் இடம்கூடத் தெரியாது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கழுவி முடித்துவிட்டேன், ரஞ்சினி. இனிக் குறை சொல்லலாம்தானே? என் மகள் என்னோடு கதைக்காததையெல்லாம் உன்னோடு கதைத்தாள். அதில் ஒன்றைக்கூட எனக்குச் சொல்லாமல் கொண்டுபோய்விட்டாய். அது சரியே இல்லை. உன் பரிமாற்றத்தைப் பள்ளி இப்போது என்னிடம் தந்திருக்கிறது. பஸ் வாசலில் நின்று உன் வார்த்தையைத்தான் நானும் சொல்ல வேண்டும். அதுவும் எரிச்சல்தான்.

இன்று காலை அபி, "அம்மா, உங்களோட ஒண்டு கதைக்கோணும்" என்று வந்து பக்கத்தில் இருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ இருந்திருந்தால் அதையும் உன்னிடம்தான் முதலில் சொல்லியிருப்பாள் என்பது அடுத்த நிமிடமே தெரிந்தது. அந்தப் பொறாமையை நான் விடப்போவதில்லை. நீ எனக்கென்று மட்டும் விட்டுப்போனது அது ஒன்றுதான்.