பிச்சம்மாள் தைத்த பூவளையம்

ஆரியசாலையில் எங்கள் சந்தில் வாயில்லாத பெண் என்று ஒருத்தி இருந்தால் அது பிச்சம்மாள்தான். அவள் பங்குக்கும் சேர்த்து நான் பேசுகிறேன் என்று சந்துக்காரர்கள் சொல்வார்கள். பேசினால் என்ன? அடுத்த வீட்டுக்காரி நான். அவள் வீட்டுக் குழம்பு தாளிக்கிற மணத்தை வைத்தே அன்றைக்கு அவள் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றபோது, "எழுதி என்னத்துக்காக்கும், பகவதியக்கா" என்று மட்டும் கேட்டாள். எழுதாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்தவளாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அவள் புருஷன் அழகியநம்பி, பூவுக்குப் பேர்போன தோவாளைக்காரர். கோயிலுக்கு மாலை கட்டலாம் என்றுதான் கிழக்கேகோட்டைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஆள் நிறைய இருந்ததால் ஒரு பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் கடையை மாற்றி ரீத்து கட்ட ஆரம்பித்தார். இந்த ஊரில் ரீத்து என்றால் ஒன்றுதான் அர்த்தம், செத்தவர் நெஞ்சில் கொண்டு வைக்கிற பூவளையம். பெரிய மனிதர் யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் அழகியநம்பி டிவியை அணைக்க மாட்டார். இதைச் சொல்லி நான் கேலி செய்தால் அவரும் சிரிப்பார். அந்த வருமானத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது, மகள் நீதுவும் அதில்தான் இன்ஜினியரிங் படித்தாள்.

பிச்சம்மாள் தையல் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு பிளவுஸ் கடைக்குக் கையாலேயே பூ தைத்துக் கொடுக்கிறாள். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட் கையில், முதுகில் என்று எத்தனையோ மல்லிகைக்கொடி ஓட்டியிருக்கிறாள். அந்தக் கல்யாணங்களுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறவளும் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே ஆசை வேறு.

நீது தன் கூட வேலை பார்த்த வினீத்தைக் கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு வருஷம் ஆகிறது. மலையாளிக் குடும்பம், வசதியானவர்கள். அப்பாவுக்கு என்ன தொழில் என்று அவர்கள் கேட்டபோது 'பூ பிசினஸ்' என்று சொல்லி வைத்திருந்தாள். பொய் என்று சொல்ல முடியாது. மகள் மாமியார் வீட்டில் இருந்தவரை பிச்சம்மாள் விசேஷங்களுக்குப் போய் சோபா நுனியில் உட்கார்ந்து, ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வருவாள். ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. பேரூர்க்கடையில் தனி ஃபிளாட் வாங்கியதும், இந்த ஓணத்துக்கு அம்மா வந்து பத்து நாள் நிற்க வேண்டும் என்று நீது போனில் சொன்னாள். அன்றிலிருந்து பிச்சம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு புதுச் சேலை எடுத்து, பைக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மகளிடமிருந்து படம் ஒன்று வந்தது. வெளிநாட்டில் யார் வீட்டுக் கதவிலோ பூவளையம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் பருவத்துக்கு ஒன்று மாட்டுவார்களாம். தன் வீட்டுக் கதவுக்கு ஓணப் பூக்கள் வைத்து அதே மாதிரி ஒரு 'ஃப்ளோரல் ரீத்' அம்மா கையால் வேண்டும், பால் காய்ச்சுகிற அன்றைக்கே மாட்ட வேண்டும் என்று குரலிலும் ஒரு செய்தி பேசி அனுப்பியிருந்தாள். பிச்சம்மாள் அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். மகள் தன்னிடம் ஒன்று கேட்டுவிட்டாள் என்கிற பெருமை அவள் முகத்தில் அடங்கவில்லை. நாலு வருஷத்தில் அவள் அம்மாவிடம் கேட்ட முதல் பொருள் அது.

சந்தன நிறத் துணியில் அண்டா மூடியை வைத்து வட்டம் போட்டாள். கொடிக்குக் காம்புத் தையல். இலைக்கு மூன்று பச்சை: மாவிலை, வாழைக்குருத்து, பாசி. நூல் கண்டைப் பிரித்து, ஆறு இழையில் இரண்டை மட்டும் உருவி எடுத்துத் தைத்தாள். தும்பையை லேசி டெய்சித் தையலில் போட்டுப் பார்த்தாள், சந்தன நிறத்தில் வெள்ளை அமுங்கிப் போயிற்று. பிரித்துவிட்டு, ஒவ்வொரு இதழுக்கும் அடியில் சாம்பல் நிறத்தில் ஒற்றை இழை ஓட்டினாள். அதன் பிறகு தும்பை துணியை விட்டு எழும்பி நின்றது. வாடாமல்லிக்கு முடிச்சுத் தையல், நெருக்கி நெருக்கி. தொட்டால் நிஜப் பூவைப் போலவே சொரசொரவென்று இருக்கும். செத்திக்கு, அதுதான் இட்லிப்பூ, சாட்டின் தையல். செத்தியின் சிவப்பையும் சங்குப்பூவின் நீலத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சண்டை போடும் என்று நடுவில் முக்குற்றி என்கிற குட்டிப் பூவின் மஞ்சளைத் தூவினாள்.

ஜமந்தி, அதாவது செவ்வந்தி, வைக்கலாமே, வட்டம் சீக்கிரம் நிறையுமே என்று நான்தான் சொன்னேன். வேண்டாம் என்றாள். ஜமந்தி ரீத்துக்குப் போகிற பூவாம், மகள் வீட்டு வாசலுக்கு ஆகாதாம். வெள்ளை ரோஜாவும் அதே காரணத்துக்காக வேண்டாம் என்றாள். பூவில் அவ்வளவு கவனமாக இருந்தவளுக்கு வட்டம் உறைக்கவே இல்லை. எப்படி உறைக்கும்? பிச்சம்மாள் வீட்டுச் சுவரில் எந்நேரமும் ரீத்துக்கான வளையங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அது சாவு இல்லை, சோறு.

தைத்து முடித்த துணியை பிரேமிலேயே விட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். மகள் வாசலுக்குப் போகிற சாமானில் தன் கையும் பட வேண்டும் என்று அழகியநம்பிக்கு ஆசை வந்துவிட்டது. மூங்கிலை வளைத்தார், மேலே வைக்கோலைச் சுற்றினார், துணியின் நடுவை வெட்டி அதன் மேல் போர்த்தி இறுக்கித் தைக்கச் சொன்னார். கை பழகிய அளவு, கை பழகிய கனம். உச்சியில் கடையில் கட்டுகிற அதே முடிச்சில் ரிப்பன் கட்டினார். சந்தே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒருவர் கண்ணுக்கும் அது அழகாகத் தெரிந்ததே தவிர வேறொன்றாகத் தெரியவில்லை.

பால் காய்ச்சுக்கு என்னைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா கடையை அடைத்துவிட்டு மெனக்கெட்டு வர வேண்டாம் என்று நீது முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம். அதற்கு நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

விடிந்ததும் பால் பொங்கியது. வினீத் நல்ல பையன், அவனே ஆணியடித்துக் கதவில் வளையத்தை மாட்டினான். நீது தன் போனில் படமும் எடுத்துக்கொண்டாள். அது தொங்குவதைப் பார்ப்பதற்காக பிச்சம்மாள் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒன்பது மணிவாக்கில் வினீத்தின் மாமா லிஃப்டை விட்டு வெளியே வந்தார். கதவைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். அடுத்த ஃபிளாட் வாசலில் நின்றவரிடம் போய், இங்கே யார் போனது, எப்போது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த மனிதர் உண்மையாகவே கலங்கிப் போயிருந்தார்.

சத்தம் கேட்டு வினீத்தின் அம்மா சரசம்மா வெளியே வந்தார். அதுவரை அவர் அந்தக் கதவைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"இது ரீத்தல்லே, மோளே? வீட்டில் கேறுன்ன திவசம் வாதில்க்கல் ரீத்தோ?"

குடியேறுகிற நாளில் வாசலில் சாவுவளையமா என்று கேட்டவரிடம் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நீதுவின் அப்பா கடையில் இதுதானே கட்டுகிறார்கள் என்றும், அந்த வீட்டுக்காரர்களுக்கு இதில் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும் என்றும் பக்கத்தில் நின்ற உறவுக்காரியிடம் மெல்லச் சொன்னார். ஆக, 'பூ பிசினஸ்' என்னவென்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நீதுவின் முகம் செத்திப்பூவாகச் சிவந்துவிட்டது.

பிச்சம்மாள் மகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். 'நான்தான் கேட்டேன், படம் அனுப்பியதும் நான்தான்' என்று நீது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிரித்துக்கொண்டே சொன்னால்கூட அங்கேயே முடிந்துபோகிற காரியம்.

"அம்மைக்கு அறியாஞ்ஞிட்டா," என்றாள் நீது. அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்றாம். சும்மா ஒரு பூப்படம் தைக்கச் சொன்னேன், அம்மா இப்படிச் செய்துகொண்டு வந்து நிற்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தக் குரல் செய்தி பிச்சம்மாள் போனில் அப்படியே இருக்கிறது, அங்கேயே போட்டுக் காட்டியிருப்பேன். பிச்சம்மாள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எத்தனையோ வருஷம் ஊசி பிடித்த விரல், வலித்தது. பிறகு சரசம்மாவைப் பார்த்து, ஆமாம், எனக்குத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னாள். ஸ்டூல் மேல் ஏறித் தன் கையாலேயே அதைக் கழற்றினாள்.

அடுக்களையில் நீது செய்தித்தாளை எடுத்து அதைச் சுற்றினாள். அவசரத்தில் தாள் பாதி வட்டத்தைத்தான் மூடியது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

"இதெ இப்பமே எடுத்துட்டுப் போயிருங்க அம்மா. பின்னெ, ஓணத்துக்கு வினீத்தோட ஆளுங்க எல்லாரும் இங்கெயாக்கும். அம்மா அது கழிஞ்சு ஒரு நாள் வந்தா போரும்."

சரி மக்களே என்றாள் பிச்சம்மாள், மகளை அவள் கூப்பிடுவது அப்படித்தான். வினீத் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். வந்தவர்களை யார் கவனிப்பது என்று நீது அவனைத் தடுத்துவிட்டாள். பந்தி போடுவதற்கு முன்னால் நாங்கள் கீழே இறங்கிவிட்டோம்.

கிழக்கேகோட்டை பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. பிச்சம்மாள் வளையத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கிழிந்த தாளுக்கு வெளியே வாடாமல்லியும் ரிப்பனும் தெரிந்தன. நானோ நீதுவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் முன்னால் பேசக்கூடாத வார்த்தைகளும் அதில் இருந்தன.

எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், எங்கள் வயசுதான் இருக்கும், அந்த வளையத்தைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து பிச்சம்மாளின் தோளைத் தொட்டுத் தன் இடத்தில் உட்கார வைத்தாள். பக்கத்தில் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவனைப் பார்வையாலேயே நிறுத்தச் சொன்னாள். கண்டக்டர்கூட டிக்கெட் கேட்காமல் எங்களைத் தாண்டிப் போனார். காலையிலிருந்து பிச்சம்மாளுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். அந்தப் பெண் குனிந்து கேட்டாள்.

"ஆரா சேச்சி மரிச்சே?"

யாரும் சாகவில்லை, இது ஓணத்துக்கு மகள் கேட்டுத் தைத்தது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பிச்சம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்காமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்க மக."