ஏப்ரல் தாளில் எழுதிய இரண்டு வரிகள்

எங்கள் அச்சகத்தின் சுவரில் நடப்பு வருடக் காலண்டர் இருக்காது. காலண்டர் அடிப்பதுதான் எங்கள் தொழில். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடத்து மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுவோம். மார்கழிக்குள் சரக்கெல்லாம் லோடு ஏறிவிடும். தை பிறந்ததும் அதற்கும் அடுத்த வருடத்தின் சோதனைப் பிரதிகள் சுவருக்கு வந்துவிடும். சிவகாசி முழுக்க ஒரு வருடத்தில் இருக்கும்போது நாங்கள் இன்னொரு வருடத்தில் இருப்போம். இன்றைக்கு என்ன தேதி என்று தெரிய வேண்டுமானால் எதிர் டீக்கடைக்குப் போக வேண்டும்.

நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எந்த முருகன் படத்துக்குக் கீழே எந்த ஊர் ஜவுளிக்கடையின் பெயர் வர வேண்டும் என்பதெல்லாம் ஒரே சர்வரில் இருக்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக முதலாளி அதை மிகவும் மதித்தார். இலவசம்தான், ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. வெளியான நாளிலிருந்து ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவார்கள். அதற்குப் பிறகும் அது ஓடும், ஓட்டை விழுந்தால் அடைக்க மட்டும் ஆள் வராது. கைவிடப்போகும் தேதியை வெளியிடுகிற அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

எங்கள் பதிப்பின் ஆயுள் ஒரு ஏப்ரலில் முடிய இருந்தது. ஏப்ரல் எங்களுக்குத் தோதான மாதம். பழைய சரக்கு போயிருக்கும், ஆல்பம் வேலை சூடு பிடித்திருக்காது. அந்த ஏப்ரலுக்குப் பதினைந்து மாதம் இருக்கும்போதே, என் மேசைக்கு எதிரே தொங்கிய அடுத்த வருடக் காலண்டரின் ஏப்ரல் தாளில் “சர்வர் மாற்றம்” என்று எழுதினேன். “இத ஒழுங்கா மாத்திட்டீகன்னா ஒங்க வேலைய நிரந்தரமாக்கிருவோம்” என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: “அம்மா பட்டாசு வேலையை விடுவது.”

அம்மா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் அறையில் இருந்தாள். எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் முதலில் திசை பார்ப்பேன், பிறகு போன் போடுவேன். அம்மா எடுத்து, “இங்கன இல்லடி” என்பாள். அந்த இரண்டு சொல்லை எத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருப்பது? என் வேலை நிரந்தரமான மறுநாளே அவள் நின்றுவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

அடுத்த தை வந்தது. சுவரில் காலண்டர் மாறியது. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. பழைய காலண்டரில் எழுதியிருப்பதையெல்லாம், அதைக் கழற்றும்போது, ஆபீஸ் அக்கா புதியதில் அதே தேதியில் எழுதிவிடுவார். மெஷின் பூஜை, இன்சூரன்ஸ், கோயில் பொங்கல் எல்லாம் வருடா வருடம் வருவதுதானே. என் இரண்டு வரிகளையும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தார். என் அம்மா ஆண்டுதோறும் வேலையை விடுவதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஏப்ரல் தாளில் என் வரி இருந்தது, மேலே வருடம் ஒன்று கூடுதலாக இருந்தது. இது இந்த ஏப்ரல் அல்லவா என்று மனதில் ஒரு மூலையில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அச்சில் இருப்பதை நம்பும் வியாதி உண்டு. தள்ளிப்போனது நிம்மதியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பங்குனிக் கடைசியில் அம்மா கேட்டாள், “அடுத்த மாசந்தான தாயி நான் நிக்கணும்?”

“இல்லம்மா, இன்னும் ஒரு வருசம் கெடக்கு. காலண்டர்லயே போட்டிருக்கு” என்றேன்.

“அப்படியா?” என்றாள். பிறகு, “சரி” என்றாள்.

சித்திரைக்குப் பிறகு சர்வருக்கு ஒரு திருத்தமும் வரவில்லை. குறையே இல்லாத சர்வர் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். ஆனி மாதம், வேறு எதையோ தேடப் போய், எங்கள் பதிப்பின் ஆயுள் முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது என்று படித்தேன். முதலாளியிடம் சொன்னதும், “ஓடிக்கிட்டுத்தான இருக்கு? ஆடிப் பதினெட்டு நெருங்கையில எதுக்கும்மா அதப் போட்டு நோண்டுறீக?” என்றார். ஒருவழியாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வாங்கினேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் முதலில் மாற்றிப் பார்த்து, பிறகு சர்வரை மாற்றினேன். கடைப் பெயர்கள் ஒன்றுகூடத் தொலையவில்லை. திங்கட்கிழமை முதலாளி சொன்னபடி வேலையை நிரந்தரமாக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். காலண்டர் தப்பு, நீ சொன்னதுதான் சரி, நாளையிலிருந்து போக வேண்டாம் என்றேன். அம்மா சிரித்தாள்.

“நான் பங்குனியிலயே போர்மேன்ட்ட நின்னுக்கிடுதேன்னு சொல்லிட்டேன். ஒங்கிட்டக் கேட்டப்ப என் எடத்துல வேற ஆளு போட்டாச்சு. நீ இன்னும் ஒரு வருசங்கவும் திரும்பப் போயி வேலை கேட்டேன். வெடிமருந்து அடைக்கிற ரூம்புலதான் எடம் இருக்குன்னாக.”

“எத்தன நாளா?”

“சித்திரையிலருந்து.”

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ வேலையப் பாப்பியா?”

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்களில் வெள்ளிநிற மருந்துப் பொடி. பேக்கிங் அறையில் அது ஒட்டாது. இரண்டரை மாதமாக அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். சர்வரில் இருந்த ஒவ்வொரு கோப்பையும் இரண்டு முறை சரிபார்த்தவள் நான். அழுகையாக வந்தது, அழுதேன். அம்மா குழம்பை இறக்கி வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. அம்மா பழக்கத்தில் டிபன் வாளியைக் கையில் எடுத்துவிட்டாள். நான் வெளியே போய் டிரைவரிடம், “அண்ணே, அம்மா இனிமே வேலைக்கு வராது” என்றேன்.

“பங்குனியிலயும் இப்படித்தாம்மா சொன்னாக” என்றார் அவர். “எதுக்கும் நாளைக்கு ஒரு ஹாரன் அடிச்சுப் பாக்கேன்.”