மேஸ்திரி விழவில்லை

மேஸ்திரியின் மனைவி என்னிடம் முதலில் கேட்டதும் கடைசிவரை கேட்டதும் ஒரே கேள்விதான். பிசியோதெரபி அறைக்கு வெளியே, மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, "அவியளத் தனியா விட்டுட்டு நான் வேலைக்குப் போலாமாம்மா?" என்றார். நான் நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தவள். எதையும் சோதித்து மதிப்பெண் போட்டுத்தான் பழக்கம். சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தச் சோதனைகளுக்கு எங்கள் துறையில் பஞ்சமே இல்லை. கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்வோம், கண்ணை மூடச் சொல்வோம், தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுக்கச் சொல்வோம், நின்ற இடத்திலேயே திரும்பிப் பின்னால் பார்க்கச் சொல்வோம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இவர் விழக்கூடியவர், அவர் விழமாட்டார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மனிதன் எப்படி நிற்கிறான், ஏன் விழுகிறான் என்று உலகம் முழுக்க ஆராய்ந்து எழுதிக் குவித்திருக்கிறார்கள். நானும் அதைப் படித்துப் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் அந்த அம்மாள் கேட்ட மாதிரி யாரும் கேட்டு நான் எதிலும் படித்ததில்லை.

அவர் கணவர் துறைமுகத்தில் லாஷிங் மேஸ்திரியாக இருந்தவர். கப்பலின் மேல்தட்டில் அடுக்கிய கண்டெய்னர்கள் நடுக்கடலில் அசையாமலிருக்கக் கம்பியும் சங்கிலியும் போட்டு இறுக்கிக் கட்டும் ஆட்களுக்குத் தலைவர். உயரத்தில் நிற்பவர்களைப் பார்த்து, பெல்ட்டை மாட்டு, காலைப் பார்த்து வை என்று கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போயிருந்தது. தன் கையின் கீழ் வேலை செய்த ஒருத்தனும் விழுந்ததில்லை என்பதில் அவருக்கு அசாத்தியப் பெருமை. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் அலட்டிக்கொள்வார். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

கால் விழுந்ததைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதைவிட மோசமான கால்களை நடக்க வைத்திருக்கிறேன். விழுந்தது அவருக்குத் தெரியவில்லை, அதுதான் சங்கடம். மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இப்படி ஆவதுண்டு. உடம்பில் ஒரு பாதி செயலற்றுக் கிடக்கும், அந்தச் செய்தி மட்டும் அவர்களுக்குப் போய்ச் சேராது. நடக்க முடியுமா என்று கேட்டால், ஏன் முடியாது, நாளைக்கே கப்பலுக்குப் போகிறேன் என்பார். சொன்ன கையோடு எழுந்திருப்பார். இடப்பக்கமாக அப்படியே சரிவார். நானும் உதவியாளரும் பாய்ந்து பிடித்து உட்கார வைத்தால், தரையை இப்படியா வழவழவென்று போடுவார்கள் என்று ஆஸ்பத்திரி கட்டினவனைத் திட்டுவார். முதலில் எங்களுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. வீட்டில் கழிப்பறை வாசலில் விழுந்து நெற்றி பிளந்து தையல் போட்டுக்கொண்டு வந்தபோது சிரிப்பு நின்றுபோனது. தையலைத் தடவிக்கொண்டே, யாரோ வாளியை வழியில் வைத்துவிட்டார்கள் என்றார்.

அந்த அம்மாள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பிள்ளைகள் இல்லை. துறைமுகத்தில் மேஸ்திரியோடு வேலை பார்த்தவர்கள் தொடக்கத்தில் முறை வைத்துக்கொண்டு வந்து அவருக்குத் துணையாக உட்கார்ந்தார்கள். நாளாக நாளாக ஒருவராகக் குறைந்து, பிறகு அவரும் நின்றுவிட்டார். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. இரண்டு பேரும் சாப்பிட வேண்டுமென்றால் அந்த அம்மாள் வேலைக்குப் போயாக வேண்டும். அவர் படி இறங்கினால் இவர் எழுந்து நடப்பார், விழுவார். இது பிடிவாதமில்லை, இவருக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டிய பாகமே மூளையில் அடிபட்டுக் கிடக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப காலை விட்டுருங்கம்மா. அந்தப் பாகத்த மொதல்ல சரி பண்ணுங்க" என்றார்.

அதைத்தான் செய்தேன். இதற்கென்று ஒரு பயிற்சி முறை உண்டு. எதையும் செய்வதற்கு முன்னால் முடியுமா என்று கேட்க வேண்டும், இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு செய்யவிட வேண்டும், செய்த பிறகு என்ன நடந்தது என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். போனில் படம்பிடித்துக் காட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஒரு மனிதனிடம் தினமும் போய், உன்னால் முடியாது என்று நிரூபிப்பது எப்படிப்பட்ட வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். படத்தில் சரிகிறவனைப் பார்த்து, யாரும்மா இந்த ஆளு, குடிச்சிருக்கானா என்பார். நான் எரிச்சலில் சத்தம் போட்டதும் உண்டு. சத்தம் போட்டுவிட்டு மருந்து அறைக்குள் போய் நின்றுகொள்வேன். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று.

பிறகு ஒரு நாள் மேஸ்திரி படத்தைக் கடைசிவரை பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்து அதையே பார்த்தார்.

"ஏம்மா, நான் இப்படித்தான் நிக்கேனா?" என்றார். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஒரு மனிதர் என் முன்னால் நொறுங்கி அழுகிறார், நான் உள்ளுக்குள் துள்ளுகிறேன். அன்றைக்கு எங்கள் அறையில் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இனி அவராக எழ மாட்டார், ஆள் வரும்வரை காத்திருப்பார் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அப்ப போலாமா என்றார். போகலாம் என்றேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் காட்டிக் கொடுக்க மாப்பிள்ளையூரணியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது. திறந்தேன். மேஸ்திரி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயிற்றைச் சுற்றி ஒரு பழைய பருத்திச் சேலை, அதன்மேல் நைலான் கயிறு. கயிறு நாற்காலியோடு சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. சதையை அறுக்காமலிருக்கச் சேலை, நகராமலிருக்கக் கயிறு. பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர்ப் பாட்டில், சாப்பாட்டுக் கிண்ணம், மூத்திரக் குப்பி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாங்கம்மா என்றார்.

எனக்கு அந்த அம்மாள்மேல் வந்த கோபத்தில் கண் இருட்டியது. யார் இப்படிக் கட்டியது என்று கேட்டேன்.

"அவளுக்கு என்ன தெரியும்? நாந்தான் சொல்லிக் குடுத்தேன். கப்பல் எப்படி ஆடினாலும் இந்தக் கட்டு அசையாது" என்றார். பழைய அலட்டல் குரலில் இருந்தது.

முடிச்சைப் பிடித்து இழுத்தேன். இறுகியதே தவிர அவிழவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக்காதீங்கம்மா. நான் விழுந்துருவேன்."

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்கத்தானே அத்தனை நாள் மல்லுக்கட்டினேன். இப்படி உட்கார்ந்தே இருந்தால் காலில் மிச்சமிருக்கும் தெம்பும் போய்விடும், நெஞ்சில் சளி கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். தெரியும்மா என்றார். எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று அவரே சொல்ல, அவிழ்த்தேன். எழுப்பி நிற்க வைத்தேன். நன்றாகவே நின்றார். சுவரைப் பிடித்து அறையைச் சுற்றி வந்தார், ஒவ்வோர் அடிக்கும் இடது காலைக் குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தார். பக்கத்தில் ஓர் ஆள் மட்டும் இருந்தால் போதும், இந்த மனிதர் நடந்துவிடுவார். அந்த ஓர் ஆளுக்கு நான் எங்கே போவேன்? கால் தவறினால் பிடிக்க ஆள் இல்லாத வீட்டில் இவரிடம் என்ன பயிற்சியைச் சொல்லிவிட்டுப் போவது? எனக்கு ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த அம்மாள் வரச் சாயங்காலம் ஆகும். மேஸ்திரி தானாகவே நாற்காலியில் போய் உட்கார்ந்து சேலையை வயிற்றில் சுற்றிக்கொண்டார். கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"சுத்தி வாங்க. உள்ள விட்டு இழுங்க. இன்னுங் கொஞ்சம் இறுக்கணும்."

கட்டினேன். சரியாக இருக்கிறதா என்று அவர் உலுக்கிப் பார்த்து, இருக்கு என்றார். கொண்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தேன்.

போன பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அவர் இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தேன். அந்த அம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இறால் உரித்து உரித்து அவர் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே பாத்துக்கிட்டேம்மா. அதுக்கப்புறம் அவியள ஒரு தடவகூட விழ விடல" என்றார்.

ஆமாம்மா, விழவில்லை என்றேன்.