பாறைக்காட்டில் விட்ட பாம்புகள்

எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அக்காவுக்குச் ‘சாக்கு அக்கா’ என்று பெயர் வைத்தவன் நான்தான். பாம்பு புகுந்த வீட்டுக்கு ஒரு சாக்கும் வளைந்த கம்பியுமாகப் போய்ப் பிடித்து வருவாள். போகவர என் ஸ்கூட்டர். பக்கத்துக் கடையில் துணி தைக்கும் எனக்குப் பாம்பென்றால் ஈரக்குலை நடுங்கும். ஆனாலும் “தம்பி, வண்டிய எடு” என்றால் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவிடுவேன். அந்த அக்காவிடம் மறுத்துப் பேசி யாரும் ஜெயித்ததில்லை.

கூலி வாங்க மாட்டாள். “அடிக்காதீங்க, எனக்கு ஃபோன் பண்ணுங்க. உயிரோட கொண்டுபோய் விட்டுடறேன்” என்று வீடு வீடாகச் சொல்வாள். பாம்பைக் கண்டதும் தடியைத் தேடும் ஜனங்களை இப்படி வழிக்குக் கொண்டுவர அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. அதுதான் அவள் சம்பாத்தியம். வேறு சொத்துபத்து கிடையாது.

ஊருக்கு வெளியே பாறைக்காட்டில்தான் விடுவாள். சாக்கைக் கவிழ்த்ததும் முதுகைக் காட்டி நடந்துவிடுவாள், திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆள் நின்று பார்த்தால் பாம்பு மிரண்டுபோய்ப் பொந்து தேடாதாம். நான் வண்டியை விட்டே இறங்கியதில்லை, எனக்கென்ன தெரியும்.

முன்பெல்லாம் மழைக்காலத்தில்தான் கூப்பிடுவார்கள். இப்போது சில வருஷமாகக் கோடை மதியத்தில் ஃபோன் ஓயாமல் அடிக்கிறது. குளியலறை, ஃப்ரிட்ஜுக்கு அடி, தண்ணீர் டிரம்முக்குப் பின்புறம் என்று எங்கே ஈரமோ அங்கே பாம்பு. அதற்கு வியர்க்காது, தரை கொதித்தால் உடம்பும் கூடவே கொதிக்கும் என்பாள் அக்கா. அவள் கடைத் தகரக் கூரையில் இருந்த பல்லிகளும் போய்விட்டன. இடுக்கில் இட்ட முட்டைகள் பொரியாமலே காய்ந்து கிடந்தன. “நாம இஸ்திரிப்பெட்டிக்குள்ளயே குடியிருக்கோம் தம்பி” என்று அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்தாள்.

ஒரு மதியம் சாரைப்பாம்பு ஒன்றை விட்டுவிட்டுத் திரும்பினோம். பாதி வழி வந்த பிறகுதான் கம்பியை அங்கேயே வைத்துவிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன்.

எடுக்கப் போனவள் வரவில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு நானும் உள்ளே நடந்தேன். செருப்பையும் மீறிக் கால் சுட்டது. கம்பிக்குச் சற்றுத் தள்ளிச் சாரை மல்லாந்து கிடந்தது. காய்ந்த புதரோரம் இன்னொன்று, வற்றலாக. அதற்கப்பால் வெறும் எலும்பும் தோலுமாக எத்தனையோ. அக்கா குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாலு அறுந்திருக்கு பாரு, இது வாத்தியார் வீட்டுல புடிச்சது” என்றாள். “ஈரத்துல நிம்மதியா கெடந்துச்சு. நான்தான் தூக்கிட்டு வந்து இங்க போட்டு வறுத்திருக்கேன்.”

“வெயிலுக்கு நீ என்னக்கா பண்ணுவே? வேற எடம் பாக்கலாம்.”

“எங்க?”

சுற்றிலும் பார்த்தேன். ஓடை வெடித்துக் கிடந்தது. மரமென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. ரொட்டிக்கடைக்காரர் மனைவி. அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“அக்கா, குளிக்கற ரூம்ல பாம்பு. எங்க வீட்டுக்காரர் தடியோட நிக்கறாரு. உங்ககிட்ட சொன்ன சொல்லுக்காகத் தடுத்து வெச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க.”

வழக்கமாகக் கூப்பிட்டவர்கள் பேசி முடிப்பதற்குள் அக்கா வண்டியில் ஏறியிருப்பாள்.

“கதவைச் சாத்தி அப்படியே விட்டுடுங்களேன்மா. குளிர்ச்சிக்குத்தான் வந்திருக்கும்.”

“என்னக்கா சொல்றீங்க? புள்ளைங்க இருக்கற வீடு. வருவீங்களா, மாட்டீங்களா?”

அக்கா சாரையைப் பார்த்தாள். ‘வர்றோம்’ என்று நானாவது சொல்லியிருக்கலாம். பிடித்து எங்கே கொண்டுபோவது? ஃபோனில் “தள்ளு நீ” என்று ஆண் குரல் கேட்டது. பிறகு தடி தரையில் மோதும் சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். “கோவிச்சுக்காதீங்கக்கா. ஒரே அடிதான். ரொம்ப அவதிப்படலை.”

“பரவால்லம்மா” என்றாள் அக்கா. “இனிமே எல்லாரையும் அப்படியே பண்ணச் சொல்லுங்க.”