நாய் ஒன்று, முன் ஆசனம்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, பூண்டுலோயாவிலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்படவிருந்த தனியார் பஸ்ஸில் நடந்தது இது. கண் டாக்டரைப் பார்க்கப் போவதற்காகக் கதவோரத்து முன் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கையில் தொலைபேசி. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகள் கொதித்துப்போய்ச் செய்தி அனுப்பியிருந்தாள். விமானத்தில் பக்கத்து ஆசனத்துக்காரி காலடியில் கூடையோடு பூனையை வைத்திருந்தாளாம். இவள் இறங்கும்வரை தும்மினாளாம். மிருகத்தை மனிதரோடு ஏற்றலாமா சித்தப்பா என்று கேட்டிருந்தாள். மிருகம் சாமான் அறைக்கு, மனிதர் ஆசனத்துக்கு என்று நான் பதில் எழுதத் தொடங்கியிருந்தேன். வரிசை எண் போட்டு ஆறு காரணங்கள். நாற்பது வருடம் தேயிலைத் தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவனுக்கு வரிசை எண் இல்லாமல் கோபப்படக்கூடத் தெரியாது.

ஏழாவது காரணத்தில் இருந்தபோது ஒரு பெண் ஏறினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கில் ஒரு நாயைச் சுற்றி, பிள்ளையைப்போல் தூக்கியிருந்தாள். படங்கெல்லாம் இரத்தம்.

"அக்கா, நாயோட ஏற ஏலாது. எறங்குங்க," என்றான் கண்டக்டர்.

"பன்னிக்கு வச்ச கம்பியில மாட்டிக்கிச்சு தம்பி. கால் அறுந்து தொங்குது. பன்னெண்டு மணிக்குப் பெறகு மிருக டாக்டரு இருக்க மாட்டாராம். மடியிலயே வச்சுக்கிறேன்."

"கடிச்சா யாரு பொறுப்பு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "ஊசி போட நீங்களா கூட வருவீங்க?"

என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன். "ஏம்மா, ஆளுங்க போற பஸ்ல மிருகம் ஏத்துறது முறையில்ல. ஒரு வேன் புடிச்சுக்கிட்டுப் போங்க."

"பாருங்க, ஐயாவே சொல்றாங்க," என்று கண்டக்டர் மகிழ்ந்தான்.

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிளாக்கரய்யாவா? உங்களுக்கு முறை தெரியும்தான். தொரை நாய்க்குத் துண்டு எழுதுனவங்களாச்சே."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"எங்க அம்மாவுக்கு இடுப்பு வலி வந்தப்ப, லொறியில முன்னுக்குத் தொரை நாய் ரெண்டு. பின்னுக்குக் கொழுந்துச் சாக்கு மேல எங்க அம்மா. டிரைவர் அந்தத் துண்ட வாசிச்சுக் காட்டினத அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல. அந்தச் சாக்கு மேலயே பொறந்தவ நான். உங்க முறை நல்லா இருக்கட்டும். நான் எறங்கிக்கிறேன்."

தோட்டத்தில் துண்டு இல்லாமல் ஒன்றும் அசையாது. லொறியில் யார், எங்கே உட்கார வேண்டும் என்று கந்தோரில் எழுதிக் கொடுக்க வேண்டும். துரை சொன்னார், எழுதினேன். 'நாய் இரண்டு, முன் ஆசனம். பெண் ஒன்று, பின்னால்.' நாய்கள் அன்று ஊசி போட்டுக்கொள்ளப் போயின. எனக்கு அழகான கையெழுத்து. அடியில் கோடுகூடப் போட்டிருப்பேன். அத்தனை வருடங்களில் ஒருநாளும் அது என் நினைவுக்கு வந்ததில்லை.

அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, முறைப்படியே போவோம். முதல்ல என்னோட டிக்கட்டக் குடுங்க."

அவன் காசு வாங்கியிருந்தான். டிக்கட் யாருக்கும் கொடுக்கவில்லை.

"சரி, அத விடுங்க. நின்னுக்கிட்டுப் போக எத்தனை பேருக்கு அனுமதி? எண்ணுங்க. ஓடுற பஸ்ல கதவு சாத்தியிருக்கணும். உங்க கதவு சாத்துமா?"

பின்னால் சிரிப்பு எழுந்தது. "காலங்காத்தால ஏன் ஐயா?" என்றான் கண்டக்டர் பரிதாபமாக.

"முறை கேட்டது நீங்கதானே? நானும் கேட்டேன். ரெண்டு பேரும் நல்லாக் கேப்போம்."

கடித்தால் யார் பொறுப்பு என்றவரின் கேள்வி மட்டும் நியாயமானது. என் மப்ளரைக் கழற்றி நாயின் வாயைச் சுற்றிக் கட்டினேன். அது என்னைப் பார்த்து உறுமியது. அந்த பஸ்ஸில் அது உறுமியது என்னைப் பார்த்து மட்டும்தான். பிறகு கிளினிக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து எழுதினேன். 'நாய் ஒன்று, பெண் ஒன்று, முன் ஆசனம். கடித்தால் நானே பொறுப்பு.' திகதியும் ஒப்பமும் வைத்துக் கண்டக்டரிடம் நீட்டினேன். அவன் அதை இரண்டு முறை வாசித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஹரி, யமு!" என்று சிங்களத்தில் கத்திச் சாரதியைப் புறப்படச் சொன்னான்.

அவள் என் ஆசனத்தில் உட்கார்ந்தாள். நன்றி சொல்லவில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா நிக்கிறீங்க?"

"கொஞ்ச தூரந்தானே, நிக்கிறேன்."

"நில்லுங்க," என்றாள்.

நுவரெலியா வரை நின்றேன். முழங்கால் மூன்று நாள் அதை நினைவூட்டியது. பன்னிரண்டுக்கு முன்பே போய்விட்டோம். நாய்க்கு ஒரு கால் போயிற்று, உயிர் தங்கியது. இப்போதும் மூன்று காலில் அவளோடு கொழுந்தெடுக்கும் மலைக்குப் போகிறது. தேயிலைக்குள் சிறுத்தை வாடை அடித்தால் முதலில் குரைப்பது அதுதானாம்.

அண்ணன் மகளுக்கு எழுதிய ஆறரைக் காரணங்களையும் அழித்தேன். பூனையைக் கூடையில் வைக்கட்டும், ஊசி போட்ட அட்டையைக் காட்டட்டும், தும்முகிறவரைத் தள்ளி உட்கார வைக்கட்டும் என்று மட்டும் எழுதினேன். இதற்கெல்லாம் முறை வகுக்கலாம், வேண்டுமென்றால் நானே வகுத்துத் தருகிறேன். ஆனால் மனிதரோடு மிருகத்துக்கு என்ன இடம் என்று என்னிடம் கேட்காதே என்றேன். அவளுக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான். இருக்கட்டும். மனிதருக்கு மேலாக நாயை ஏற்றிவிட்ட கை இது. ஆயிரக்கணக்கில் எழுதிய துண்டுகளில், எந்தத் துரையும் சொல்லாமல் நானாக எழுதியது பஸ்ஸில் கொடுத்த அந்த ஒன்றுதான், அதை யார் கேட்டாலும் திரும்பப் பெற மாட்டேன்.