கிளிப் இல்லாத பற்கள்

என் தங்கையின் பற்கள் வரிசை பிசகாதவை. ஆயினும் சென்ற ஆண்டு முழுவதும், வியாழக்கிழமைதோறும் அவள் பல்லுக்குக் கிளிப் போடப் போவதாகவே எங்கள் சுற்றத்தார் நம்பினார்கள். உண்மையில் அவள் போனது கோவையில் வளரிளம் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தரும் ஓர் அம்மையாரிடம். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவளுக்குப் பள்ளி வாசலைக் கண்டாலே மூச்சு முட்டியது, விரல்கள் விறைத்தன. அதைச் சொல்ல நாணிய அம்மா, பல்லைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க விசாரிச்சா என்னன்னு சொல்றது கண்ணு? பல்லுன்னா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கேட்டார்கள். கிளிப் எங்கே என்று கேட்டார்கள். அப்போதாவது அம்மா பொய்யைக் கைவிட்டாரா? இல்லை. நேராக இருக்கும் பற்களுக்குக் கிளிப் மாட்ட, மெய்யாகவே ஒரு பல் மருத்துவரைத் தேடத் தொடங்கினார்! நோயை மறைக்க, நோயற்ற இடத்தில் வைத்தியம். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கேடயம் கேடயமாக வென்ற நான், வீட்டில் இத்தனை மாதம் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமும் சேர்ந்துதான் என்னைக் கொதிக்க வைத்தது.

சூலூரில் அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் எங்கள் எதிரே நின்று அத்தை கேட்டார்:

"ஏனம்மணி, இத்தன மாசமாப் போறியே, ஈன்னு காட்டு பாக்கலாம். கம்பியக் காணமே! டாக்டரு காத்தையா கட்டியுட்டாரு?"

பந்தியே சிரித்தது. தங்கை இலையிலிருந்து கையை எடுத்தாள். மூச்சை மெல்ல உள்ளே இழுத்தாள். அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து நான் எழுந்தேன்.

பேசினேன். ஏற்ற இறக்கத்தோடு, கை வீச்சோடு பேசினேன். பல் அல்ல, மனம் என்றேன். காய்ச்சலுக்கு இல்லாத வெட்கம் அச்சத்துக்கு மட்டும் ஏன் என்றேன். ரசவாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவின் தலை இலையை நோக்கிக் கவிழ்ந்தது. உட்கார்ந்தபோது, சொல்லவே கூசுகிறது, என் காது கைத்தட்டலுக்குக் காத்திருந்தது.

திரும்பும் வழியில் காரில் தங்கை கேட்டாள்: "உன்னை ஆரு பேசச் சொன்னா?"

"உனக்காகத்தான்டி..."

"அதை நான் சொல்லோணும்னு ஆறு வாரமா கவுன்சலிங்ல பழகிட்டு இருந்தேன். 'பல்லுக்கு இல்லீங்கத்தை, ஸ்கூலுக்குப் போகப் பயமா இருக்குது, அதுக்குப் போறனுங்க.' அவ்வளவுதான். மூச்சை இழுத்து வாயைத் தொறந்தேன். நீ எந்திரிச்சுட்டே."

முன்னிருக்கையில் இருந்த அம்மாவின் பின்தலையைப் பார்த்தேன். அம்மா மீது நான் தீட்டி வைத்திருந்த சொற்கள் அத்தனையும் என் மீதே பாய்ந்தன. அவர் அவள் வாயைப் பொய்யால் அடைத்தார். நான் மெய்யைச் சொல்லியே அடைத்துவிட்டேன்.

அந்த வியாழன் அவள் ஆலோசனைக்குப் போகவில்லை. "இனி அங்க போயி என்ன சொல்றது? அதான் எல்லாத்தையும் நீயே சொல்லிப்போட்டியே."

அதற்கடுத்த வியாழன் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். அம்மா வண்டிச் சாவியை எடுத்தார். நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"ரெண்டு பேரும் வர வேண்டாம்," என்று கை காட்டி நிறுத்திவிட்டு, டவுன் பஸ்ஸுக்கு நடந்தாள்.