கறுப்புத் தோல்மேல் ஒரு புள்ளி

ஸ்வரத்தின் தலையில் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி. காலடியில் இருந்தால் கீழ். ஒன்றுமில்லையென்றால் நடு. பழைய ஸ்வரத் தாள்களைப் பெயர்த்தெழுதிப் பதிப்பிக்கிற எங்கள் வேலையில் பாதி இந்தப் புள்ளிகளோடு மல்லுக்கட்டுவதுதான்.

நாங்கள் என்றால் இரண்டே பேர். ஊரப்பாக்கத்தில் நான், ராஜகீழ்ப்பாக்கத்தில் என்னைவிட மூத்தவரான வீணைக்கார அக்கா. தாள்கள் பம்மலில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாயிடம் இருந்தன. செல்போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

அதில் ஒரு வர்ணம். ஒரு வரி மா, கா, ரீ என்று படியிறங்கி வருகிறது. அடுத்து ஸட்ஜத்தில் உட்கார வேண்டியது, உட்காராமல் மேல் ஸட்ஜத்துக்குத் தாவுகிறது. புள்ளி அப்படித்தான் சொன்னது. அக்கா அந்தத் தாவலில் மயங்கிவிட்டார். வேறு எந்தப் பிரதியிலும் இல்லாத பிடி என்று முன்னுரையில் நாலு பக்கம். வாசித்தும் காட்டினார். வெளியே வேளச்சேரி பஸ்ஸின் ஹாரன்கூட ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்தது, நம்பிக்கைதான் வரவில்லை.

அச்சுக்குப் போகுமுன் அசலைப் பார்த்துவிடலாம் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

பாய் தாளைக் கொண்டுவந்து, படமெடுத்த அதே மேஜையில் வைத்தார். மேஜைமேல் கறுப்புத் தோல் விரித்திருந்தது. அதைப் பார்த்ததுமே அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"இன்னா மேடம், ஒரு புள்ளிக்கா இவ்ளோ தூரம் வந்துகினு கீறீங்க?"

அக்கா தாளை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். மற்ற புள்ளிகள் மையாகவே இருந்தன. அந்த ஒன்றின் வழியாக மட்டும் வெயில் வந்தது.

"பூச்சி ஓட்டை. அடியில இருந்த தோல்தான் படத்துல மையாத் தெரிஞ்சிருக்கு. நாலு பக்கம் பாராட்டி எழுதியிருக்கேன் பாய், பூச்சியை."

"சங்கீதம் தெரிஞ்ச பூச்சியா கீது."

திரும்பும் வழியில் தாம்பரம் வந்ததும் அக்கா கேட்டார்.

"அந்தத் தாவலை அடிக்குறிப்புலயாவது போடலாமா?"

"பாடபேதம்னு போட இன்னொரு பிரதி வேணும் அக்கா."

நாலு பக்கத்தையும் அவரே எடுத்துவிட்டார். புத்தகம் வந்தது. வெளியீட்டன்று அந்த வர்ணத்தை அக்காவை வாசிக்கச் சொன்னார்கள். வீணையில் நடு ஸட்ஜத்துக்கு இடக்கை எந்த மெட்டிலும் தந்தியை அழுத்த வேண்டாம். தந்தியைச் சும்மா மீட்டினால் போதும். மா, கா, ரீ. வலக்கை அச்சிட்டபடியே மீட்டியது. இடக்கை தந்தியைவிட்டு எழுந்து, மேல் ஸட்ஜத்தின் மெட்டுவரை போய், தொடாமல் நின்றது.